இரண்டு காட்சிக்கும் வருகிறவள்

எங்கள் ஊரில் லூபேயைப் பற்றி யாரைக் கேட்டாலும், "மாவுருண்டை நல்லாப் பொரிப்பா" என்பார்கள். அதற்கு மேல் ஒரு வார்த்தை வராது. சலேசியின் மனைவி, இலைசானேயின் தம்பி பெண்டாட்டி, நாலு பிள்ளை பெற்றவள், சினிமாக் கொட்டகை வாசலில் உட்கார்ந்து விற்பவள். இப்படி யாரோடாவது முடிச்சுப் போட்டுத்தான் அவளை அடையாளம் சொல்வார்கள். கேட்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அவளைப் பற்றிச் சொல்ல வேண்டிய விஷயம் இதெல்லாம் இல்லை.

கொட்டகை என்னுடையது. கொட்டகை என்றதும் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். என் வீட்டுக்காரர் கொப்பரை போட்டு வைத்திருந்த கிடங்கு. அவர் போன பிறகு எலி ஓடிக்கொண்டிருந்தது. ஆக்லாந்தில் வேலை பார்க்கும் என் மகன் ஒரு புரொஜெக்டர் கொண்டுவந்து வைத்தான். முதலில் டிவிடி, இப்போது கைக்கு அடக்கமான டிஸ்க்கில் வருஷத்துக்கு வேண்டிய படங்களை நிரப்பி அனுப்புகிறான். வெள்ளைப் படுதா நானே தைத்தது. ஜன்னல் பலகைகளைச் சாத்திவிட்டால் சாயங்கால வெயிலிலும் உள்ளே இருட்டுதான். வருகிறவர்கள் பாய் கொண்டுவந்து விரித்துக்கொள்வார்கள். படத்தில் பேசும் ஆங்கிலம் பாதி புரியும், புரியாத பாதியை அவரவர் சொந்தமாகப் போட்டுக்கொள்வார்கள்.

ஆரம்பத்தில் வாரத்துக்கு ஒரே காட்சிதான் போட்டேன். அங்கேதான் வம்பு வந்தது. எங்கள் டோங்காத் தீவுகளில் அண்ணன் தங்கையோ அக்கா தம்பியோ ஒன்றாக உட்கார்ந்து படம் பார்க்க மாட்டார்கள். படத்தில் ஒருவன் ஒருத்தியின் கையைப் பிடித்துவிட்டால் போச்சு, அதைக் கூடப் பிறந்தவள் இருக்கும் இடத்தில் பார்ப்பதைவிட வெட்கக்கேடு வேறில்லை. இதில் கூடப் பிறந்தவர்கள் மட்டும் சேர்த்தி இல்லை. சித்தப்பா பிள்ளை, பெரியம்மா பிள்ளை, மாமா பிள்ளை, அத்தை பிள்ளை எல்லாருமே அண்ணன் தங்கைதான். கையளவு ஊரில் யார் யாருக்கு அண்ணன் தங்கை இல்லை? முதல் முத்தக் காட்சி வந்ததும் ஆண்கள் பாதிப் பேர் எழுந்து வாசலுக்கு ஓடினார்கள். சலேசி இருந்த இடத்திலிருந்து வாசல் தூரம். முன்வரிசையில் அவன் அக்கா இலைசானே உட்கார்ந்திருப்பதை யாரோ காதில் ஓதவும், ஜன்னல் பலகையைத் தள்ளிக்கொண்டு குதித்தான். குதித்த இடத்தில் என் சேப்பங்கிழங்குப் பாத்தி.

"அவ்வளவு பெரிய உடம்பை வச்சுக்கிட்டு வேற இடமே கிடைக்கலையா உனக்கு?" என்று கத்தினேன்.

"மன்னிச்சிருங்க மதினி, அக்கா உள்ள இருக்கா" என்று சொல்லிவிட்டு, கால் சேற்றோடு நொண்டிக்கொண்டே போனான்.

மறுவாரத்திலிருந்து புதன்கிழமை பெண்களுக்கு, வெள்ளிக்கிழமை ஆண்களுக்கு என்று பிரித்துவிட்டேன். ஒரே படம், இரண்டு காட்சி. எனக்கு என் பாத்தி முக்கியம்.

இரண்டு காட்சிக்கும் வரக்கூடிய பெண்கள் ஊரில் இரண்டே பேர். ஒருத்தி நான், தலைநகரத்திலிருந்து வாழ வந்தவள். இன்னொருத்தி லூபே. அவள் ஊர் வடகோடித் தீவு, கப்பல் எப்போதாவது நினைத்துக்கொண்டால்தான் அந்தப் பக்கம் போகும். மற்ற மருமகள்கள் எல்லாம் பக்கத்து ஊர்க்காரிகள், எங்கே உட்கார்ந்தாலும் ஒரு அண்ணன் முறை எட்டிப் பார்ப்பான். லூபேக்கு இந்த ஊரில் அண்ணனும் இல்லை, தம்பியும் இல்லை. அதனால் புதன்கிழமையும் வருவாள், வெள்ளிக்கிழமையும் வருவாள். வாசலில் மாவுருண்டை விற்று முடித்ததும் உள்ளே வந்து என் பக்கத்தில் புரொஜெக்டரை ஒட்டி உட்கார்ந்துகொள்வாள். இருபது வருஷமாக ஒவ்வொரு படத்தையும் இரண்டு தடவை பார்த்தவள் அவள் ஒருத்திதான். நான் பாதிப் படத்தில் தூங்கிவிடுவேன்.

படம் ஓடுகிற நேரத்தைவிட அதைப் பற்றிப் பேசுகிற நேரம்தான் எங்கள் ஊரில் அதிகம். ஆண்களுக்கு, வேரை இடித்துக் கரைத்த காவா குடிக்கிற கொட்டில், பெண்களுக்குப் பாய் முடைகிற வீடு. வியாழக்கிழமை காலையில் பாய் வீட்டுப் பக்கம் போனால் இரைச்சல் தெருவரைக்கும் கேட்கும்.

"அவ எதுக்குடி அந்தக் குடிகாரனைக் கட்டினா?"

"பல்லு நல்லாருந்துச்சுல்ல, அதான்."

"ஆமா, பல்லைப் பார்த்துத்தான் எல்லாரும் கட்டுறாங்களா? உன் புருஷனுக்கு இருக்கிறதே மூணு. நீ கட்டலை?"

இந்தக் கூச்சலுக்கு நடுவில் இலைசானே வாயைத் திறந்தால் மட்டும் எல்லாரும் அடங்குவார்கள். சர்ச் பாடகர் குழுவில் பெண்களுக்கு அவள்தான் தலைமை. அதைவிட, சலேசி வீட்டுக்கு அவள் அக்கா. தம்பி வீட்டில் அக்கா சொல்வதுதான் முடிவு. லூபேயின் நாலு பிள்ளைகளுக்கும் பெயர் வைத்தது இலைசானே. விருந்தென்றால் முதல் இலை அவளுக்கு, சாவென்றால் தலைமாட்டில் அவள். லூபே பின்கட்டில் புகையில் நின்று சமைப்பாள். இதில் யாருக்கும் கோபம் இல்லை, இப்படித்தான் இருக்கும்.

அக்காவும் தம்பியும் சினிமா என்றால் உயிரை விடுவார்கள். சின்ன வயதில் பள்ளிக்கூடச் சுவரில் பாதிரியார் படம் காட்டும்போது இருவரும் ஒரே பாயில் உட்கார்ந்து பார்த்தவர்கள். பையன் கொஞ்சம் வளர்ந்ததும் வழக்கப்படி ஆண்பிள்ளைகள் படுக்கிற தனிக் குடிசைக்கு அவனை அனுப்பினார்கள். அந்தப் பாய் அன்றோடு சரி. அதற்கப்புறம் இருவரும் பேசாமல் இல்லை. கிழங்கு, கூரை, படகு, சர்ச் காணிக்கை என்று எல்லாம் பேசுவார்கள். சினிமா பற்றி மட்டும் மூச்சு விட முடியாது.

அதற்குத்தான் லூபே. புதன்கிழமைப் படத்தைப் பற்றி அக்கா சொன்னதை வீட்டுக்குக் கொண்டுபோவாள். வெள்ளிக்கிழமைக்கு அப்புறம் தம்பி சொன்னதைப் பாய் வீட்டுக்குக் கொண்டுவருவாள். தம்பி என்ன சொன்னான் என்று கேட்கும்போது இலைசானேயின் முகத்தைப் பார்க்க வேண்டும். புருஷனை இழந்தவள், மகள்கள் இரண்டு பேரும் சிட்னியில். அவ்வளவு பெரிய மனுஷி, ஓலையைக் கீழே வைத்துவிட்டுச் சின்னப் பெண்போல முன்னால் நகர்ந்து உட்காருவாள்.

ஒரு படம் நினைவிருக்கிறது. புருஷன் ஓடிப்போன ஒருத்தி. தினமும் காலையில் அவன் விட்டுப்போன செருப்பைத் துடைத்து வாசலில் வைப்பாள். பாய் வீட்டில் எல்லாரும், "ஐயோ பாவம், எப்படிக் காத்திருக்கா பாரு" என்று மூக்கைச் சிந்தினார்கள்.

மறுவாரம் லூபே ஓலையைக் கிழித்துக்கொண்டே சொன்னாள். "அவர் வேற மாதிரி சொல்றார், அண்ணி. அவ காத்திருக்கலையாம். அவன் திரும்பி வந்தா உள்ள விடலாமா வேண்டாமான்னு அவளுக்கே தெரியலையாம். அதை யோசிக்கிறதுக்குக் கைக்கு ஒரு வேலை வேணுமில்ல, அதுக்குத்தான் செருப்பாம்."

இலைசானேயின் கண் கலங்கிவிட்டது. "என் தம்பியா சொன்னான்? எப்பேர்ப்பட்ட மனசு பாருங்கடி அவனுக்கு" என்று ஒவ்வொருத்தி முகமாகப் பார்த்தாள்.

எனக்கும்கூட ஆச்சரியம்தான். என் பாத்தியில் குதித்த ஆளுக்குள் இப்படி ஒருவன் இருக்கிறானா என்று நினைத்துக்கொண்டேன்.

போன வருஷம் லூபேயின் மூத்த மகளுக்கு ஆக்லாந்தில் பிரசவம். லூபே புறப்பட்டுப் போனாள். போகும்போது மாவுருண்டைச் சட்டியையும் இந்தத் தூது வேலையையும் என் தலையில் கட்டிவிட்டுப் போனாள். சட்டி பரவாயில்லை, தூதுதான் என் உயிரை வாங்கியது.

முதல் வாரமே சலேசியிடம் போய், "உன் அக்கா என்ன சொன்னா தெரியுமா? படத்துல அத்தனை தடவை சாப்பிடுறாங்க, ஒரு தடவைகூட ஜெபம் பண்ணலையாம்" என்றேன்.

அவன் காத்திருந்தான். "அப்புறம்?"

"அப்புறம் ஒண்ணுமில்லை. அவ்வளவுதான்."

"அவ்வளவுதானா? மதினி, நீங்க தூங்கிட்டீங்க. அக்கா அப்படிப் பேசுற ஆளே இல்லை. அவ சொன்னா உள்ள ஒண்ணு இருக்கும். நீங்க மேலோட்டமாக் கேட்டுட்டு வந்திருக்கீங்க."

"நாலு அடி தள்ளி உட்கார்ந்து என் காதால கேட்டேன்டா!"

"லூபே இருந்தா சரியாச் சொல்லியிருப்பா" என்று பெருமூச்சு விட்டான். எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை.

அடுத்தடுத்த வாரமும் இதே கதைதான். கதாநாயகியின் தொப்பி நன்றாக இல்லை, கிழவனை இன்னும் கொஞ்சம் மரியாதையாகப் புதைத்திருக்கலாம், இவைதான் இலைசானேயின் உண்மையான கருத்துகள். நான் அப்படியே கொண்டுபோய்க் கொடுத்தேன். ஒவ்வொன்றுக்கும் சலேசியின் முகம் வாடியது. அக்காவுக்கு உடம்பு சரியில்லையோ என்றுகூட என்னிடம் கேட்டான்.

இந்தப் பக்கமும் லேசில்லை. சலேசி படத்தைப் பற்றி ஒன்றும் சொல்லாமலே இருந்தான். பிடுங்கிப் பிடுங்கிக் கேட்டால், "நல்லாருந்துச்சு" என்பான். பிறகு ஒரு பாலைவனப் படம் போட்டேன். காணாமல்போன அண்ணனைத் தேடி ஒருவன் குதிரையில் போய்க்கொண்டே இருப்பான். பாதி ஊர் அழுதது. சலேசியிடம் கேட்டேன்.

"குதிரை பெருசு" என்றான்.

"குதிரை பெருசா? அண்ணனைத் தேடி அவன் அந்த அலை அலையுறான், உனக்குக் குதிரை பெருசா?"

"ஆரம்பத்துல இருந்து முடிவுவரைக்கும் அந்தக் குதிரைக்கு ஒருத்தனும் தண்ணி காட்டலை மதினி. வெயில்ல ஓடுது, ஓடுது. இவன் பாட்டுக்கு அண்ணனை நினைச்சு அழுறான். குதிரை என்ன பாவம் பண்ணுச்சு?"

இதை எப்படிப் போய் இலைசானேயிடம் சொல்வது என்று எனக்கே கூச்சமாக இருந்தது. ஆனாலும் கூட்டிக் குறைத்துச் சொல்கிற பழக்கம் எனக்குக் கிடையாது. அவள் பாய் வீட்டில் தனியாக இருந்த நேரம் பார்த்துச் சொன்னேன்.

அவள் சிரித்தாள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். சிரித்துக்கொண்டே இருந்தவள் அழ ஆரம்பித்துவிட்டாள். நான் பயந்துபோனேன்.

"ஃபூசி, சின்ன வயசுல அவன் இதேதான் கேட்பான். பாதிரியார் படத்துல குதிரை வந்தாப் போதும், 'அக்கா, அதுக்கு யார் தண்ணி வைப்பாங்க? அது எங்க படுத்துக்கும்?' படம் முடியறவரைக்கும் என் சட்டையைப் பிடிச்சு இழுத்துக் கேட்பான். நான் அதட்டுவேன். அவனேதான். அப்படியே இருக்கான்."

கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பிறகு அவள் முகம் மெல்ல மாறியது.

"அந்தச் செருப்புப் படம் ஞாபகமிருக்கா? அவன் அப்படிச் சொன்னானே. அதை நான் வருஷம் முழுக்க நினைச்சுக்கிட்டே இருக்கேன். அதை எப்படிக் கண்டுபிடிச்சான்னு அவன்கிட்ட ஒருதரம் கேட்டுட்டு வா."

போய்க் கேட்டேன். சலேசி தோட்டத்தில் கிழங்குக் கொடிக்குக் கழி நட்டுக்கொண்டிருந்தான்.

"செருப்புப் படமா? எந்தச் செருப்பு?" என்று விழித்தான். "அதுக்கு நான் வரவே இல்லையே மதினி. அந்த வெள்ளிக்கிழமை படகுக்குத் தார் பூசிக்கிட்டிருந்தேன். ஏன், நல்லாருந்துச்சா?"

தோட்டத்து வரப்பிலேயே உட்கார்ந்துவிட்டேன். அவன் இளநீர் வெட்டிக் கொடுத்தான். குடித்தேனா இல்லையா என்றுகூட நினைவில்லை. இருபது வருஷமாக இந்தப் பக்கம் அக்கா சொன்னது, அந்தப் பக்கம் தம்பி சொன்னது என்று ஊரே வாயைப் பிளந்து கேட்டதெல்லாம் யாருடைய பேச்சு என்று அங்கேயே புரிந்துவிட்டது.

அதற்குப் பிறகு பாய் வீட்டுப் பக்கம் நான் தலைவைத்துப் படுக்கவில்லை. முழங்கால் வலி என்று சொல்லிவிட்டேன். விசித்திரம் என்னவென்றால், இலைசானேயும் ஆள் அனுப்பிப் பதில் கேட்கவில்லை.

லூபே திரும்பி வந்த மறுநாளே அவளை என் அடுப்படிக்கு வரவழைத்தேன். மாவைப் பிசைந்துகொண்டிருந்தாள், பேரனின் போட்டோவைக் காட்டி ஏதோ சொல்லிக்கொண்டிருந்தாள்.

"செருப்புப் படத்துக்கு உன் புருஷன் வரவே இல்லையாமே" என்றேன்.

அவள் கை மாவிலேயே நின்றது.

"அண்ணிக்குத் தெரியுமா?"

"தெரியாது. ஆனா கேட்டா நான் மறைக்க மாட்டேன். ஏன்டி இப்படிப் பண்ணே? உன் கருத்தை உன் கருத்துன்னே சொல்லித் தொலைய வேண்டியதுதானே?"

"சொல்லிப் பார்த்தேன் ஃபூசிக்கா" என்றாள். "நீங்க கொட்டகை திறந்த புதுசு. பெரியவ இடுப்புல இருந்தா. ஒரு படம் பார்த்துட்டு எனக்கு ராத்திரியெல்லாம் அதே நினைப்பு. மறுநாள் அவர் சாப்பிடும்போது சொன்னேன். அவர் திட்டலை. கேலி பண்ணலை. 'ம்'னார். 'அந்த உப்பை இங்க தள்ளு'ன்னார். அவ்வளவுதான். அடுத்த வாரம் ஏதோ வாய் தவறி, 'அண்ணி சொன்னாங்க'ன்னு ஆரம்பிச்சேன். சொன்னது என் பேச்சுதான். அவர் கை நின்னுருச்சு. வாய்க்குப் பக்கத்துல போன கிழங்கு அப்படியே நின்னுச்சு. 'அக்காவா சொன்னா? திரும்பச் சொல்லு'ன்னார். ரெண்டு நாள் அதையே பேசிக்கிட்டிருந்தார்."

மாவை உருட்டி உருட்டி வைத்தாள்.

"நான் சொன்ன ஒண்ணுக்கு ஒருத்தர் சாப்பாட்டை நிறுத்தினது அதுதான் முதல் தடவை. அப்புறம் என்னால விட முடியலை. அண்ணிகிட்டயும் அப்படித்தான். தம்பி சொன்னான்னா உயிரையே கொடுத்துக் கேட்கிறாங்க. நான் சொன்னா, 'உருண்டை இன்னும் இருக்கா?'ன்னு கேட்பாங்க."

எனக்குப் பாவமாகத்தான் இருந்தது. ஆனால் கோபமும் போகவில்லை. "அவங்க ரெண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் தெரியும்னு நினைச்சுக்கிட்டிருக்காங்கடி. அந்த நினைப்பு முழுக்க நீதான்" என்றேன்.

"தெரியும்" என்று அழுதாள். "அண்ணி பேர்ல பொய் சொல்லியிருக்கேன். இது தெரிஞ்சா நான் அந்த வீட்ல எந்த மூஞ்சியோட நிற்பேன்? பிள்ளைங்களுக்குப் பேர் வச்சவங்க அவங்க. என்னை எங்க ஊர்க் கப்பல்ல ஏத்தி அனுப்பிருவாங்க ஃபூசிக்கா."

அது வெறும் பயம் என்று என்னால் சொல்ல முடியவில்லை. புருஷனின் அக்கா வாயில் தன் வார்த்தையை வைப்பது எங்கள் ஊரில் விளையாட்டு இல்லை. அதைவிடச் சின்னக் குற்றத்துக்கு வருஷக்கணக்கில் பேச்சு நின்றுபோன வீடுகளை நான் பார்த்திருக்கிறேன். இனிமேல் ஒன்றும் சொல்லாதே, இரண்டு பக்கமும் வாயை மூடிக்கொண்டு இரு என்று சொல்லி அனுப்பினேன். சரி என்று தலையாட்டிவிட்டுப் போனாள். போகிறபோது அவள் முதுகைப் பார்த்தேன். கப்பலில் ஏற்றி அனுப்பியிருந்தால்கூட அவ்வளவு வாடியிருக்க மாட்டாள்.

அந்த வாரம் ஒரு படம் போட்டேன். வெளிநாடு போன புருஷன், குடும்பத்தை மறந்து பல வருஷம் வேறெங்கோ இருந்துவிட்டு, நரைத்த தலையோடு திரும்பி வருகிறான். மனைவியின் காலடியில் விழுந்து அழுகிறான். அவள் அவனைத் தூக்கி அணைத்துக்கொள்கிறாள். புதன்கிழமை கொட்டகையில் அழாத பெண் இல்லை. வெள்ளிக்கிழமை ஆண்களும் செருமிக்கொண்டார்கள். நான்கூடத் தூங்கவில்லை. லூபே இரண்டு நாளும் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். இரண்டு நாளும் அவள் கண் காய்ந்தே இருந்தது.

சனிக்கிழமை பாய் வீட்டுக்கு வரச் சொல்லி இலைசானே எனக்கு ஆள் அனுப்பினாள். முழங்கால் வலி பலிக்கவில்லை. போனேன். எல்லாரும் இருந்தார்கள். லூபே மூலையில் தலை குனிந்து ஓலையை வாரிக்கொண்டிருந்தாள்.

"லூபே, படம் எப்படி இருந்துச்சு?" என்று இலைசானே கேட்டாள்.

லூபே என்னை ஒரு பார்வை பார்த்தாள். "அவர் இன்னும் ஒண்ணும் சொல்லலை அண்ணி" என்றாள்.

"அவனை யார் கேட்டா? இந்தப் படத்துல குதிரை இல்லை, அவன் என்னத்தைச் சொல்லப் போறான்? நான் உன்னைக் கேட்கிறேன்."

யாருக்கும் ஒன்றும் புரியவில்லை. எனக்குப் புரிந்தது. லூபேயின் முகத்தில் ரத்தம் இல்லை.

"அண்ணி, நான்..."

"ஃபூசி வந்து குதிரைக் கதை சொன்ன அன்னைக்கே எனக்குத் தெரிஞ்சுபோச்சு" என்றாள் இலைசானே. குரல் கடுமையாகத்தான் இருந்தது. "அழுதேன். என் தம்பின்னு நினைச்சு இத்தனை வருஷம் யாரோ ஒருத்தியைக் கொண்டாடிட்டேனேன்னு அழுதேன். உன்னைக் கூப்பிட்டு நாலு அறை விடணும்னுகூட இருந்துச்சு. இன்னும் அந்த எண்ணம் முழுசாப் போகலை, அதை நினைவுல வச்சுக்கோ. ஆனா அந்தச் செருப்பை என்னால மறக்க முடியலை. அதைச் சொன்னவ யாரோ, அவ இந்தப் படத்தைப் பத்தி என்ன நினைக்கிறான்னு எனக்குத் தெரியணும். சொல்லு."

லூபே ஓலையைக் கீழே வைத்தாள். "நல்லாருந்துச்சு" என்றாள், அத்தனை வருஷம் கழித்து அவளையே கேட்டதற்கு!

எனக்கு அவளைப் பிடித்து உலுக்க வேண்டும்போல இருந்தது. இலைசானே விடவில்லை. பெரிய உடம்பைத் தூக்கிக்கொண்டு எழுந்து மூலைக்குப் போய், தம்பி பெண்டாட்டிக்குச் சமமாகத் தரையில் உட்கார்ந்தாள். "எனக்கு அவசரமில்லை" என்றாள்.

வெகுநேரம் கழித்து லூபே பேசினாள். தன் குரலே தனக்குப் பழக்கமில்லாததுபோல, ஒவ்வொரு வார்த்தையாக.

"எனக்கு அந்த முடிவு பிடிக்கலை அண்ணி. அவன் அழுதான். அவ மன்னிச்சா. சரி. ஆனா, இத்தனை வருஷம் நீ எப்படி இருந்தேன்னு அவன் ஒரு வார்த்தை கேட்கலை. தான் பட்ட கஷ்டத்தைத்தான் சொன்னான். அவளைப் பத்தி ஒண்ணுமே கேட்காம மன்னிப்பை வாங்கிக்கிட்டான். நாமளும் அவன் அழுததுக்குத்தான் அழுதோம். அவளுக்காக அழலை."

மூன்று பல்லுக்காரனின் மனைவி தலையைக் குனிந்துகொண்டாள். இலைசானே லூபேயின் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தாள். பிறகு என் பக்கம் திரும்பினாள்.

"ஃபூசி, நாளைக்குச் சர்ச் முடிஞ்சதும் என் தம்பி வீட்டுக்குப் போ. இவ சொன்னதை அப்படியே சொல்லு. நான் சொல்லச் சொன்னேன்னு சொல்லு. ஒரு வார்த்தை கூட்டாதே, குறைக்காதே."

"கூட்டிக் குறைக்கிற ஆள் நான் இல்லை" என்றேன். ரோஷமாகத்தான் சொன்னேன்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் போனேன். குழியடுப்பு திறந்து, இலையில் கட்டி வெந்த கறியும் தேங்காய்ப்பாலும் மணத்துக்கொண்டிருந்தது. சலேசி பெரிய கிழங்குத் துண்டோடு சாப்பிட்டுக்கொண்டிருந்தான். லூபே பரிமாறிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் கரண்டியை வைத்துவிட்டுப் பின்கட்டுக்குப் போகப் பார்த்தாள்.

"எங்கேயும் போகாதே. இங்கேயே இரு" என்றேன்.

சலேசி நிமிர்ந்தான். "என்ன மதினி, அக்கா ஏதாவது சொன்னாளா?"

"உன் அக்கா ஒண்ணு சொல்லச் சொன்னா. ஆனா அது அவ சொன்னது இல்லை. உன் பெண்டாட்டி சொன்னது."

"லூபேயா?" என்று சிரித்துக்கொண்டே அடுத்த கவளத்தை எடுத்தான். நான் சொல்ல ஆரம்பித்தேன். கூட்டவில்லை, குறைக்கவில்லை. இத்தனை வருஷம் நீ எப்படி இருந்தாய் என்று அவன் ஒரு வார்த்தை கேட்கவில்லை என்ற இடம் வந்தபோது சலேசியின் கை வாய்க்குப் பக்கத்தில் நின்றது.

நான் முடித்த பிறகும் அது இறங்கவில்லை. அவன் என்னைப் பார்க்கவில்லை, மனைவியைப் பார்த்தான். இந்த மாதிரிப் பேச்சை இந்தத் தட்டுக்கு முன்னால் எத்தனையோ தடவை கேட்டிருக்கிறோமே என்று அவனுக்கு அப்போதுதான் ஒவ்வொன்றாகத் தட்டுப்பட்டிருக்க வேண்டும். அவன் மந்தமானவன் இல்லை. கேட்காதவன், அவ்வளவுதான்.

"நானும் அழுதேன் லூபே. அவன் கேட்கலைங்கிறது எனக்குத் தோணவே இல்லை" என்றான். கிழங்கைத் தட்டில் வைத்தான். "உனக்கு வேற என்ன தோணுச்சு?"

லூபே சுவரைப் பிடித்துக்கொண்டு மெல்ல உட்கார்ந்தாள். "அண்ணி என்ன சொல்றாங்கன்னா" என்று பழக்கத்தில் தொடங்கி, நிறுத்தினாள்.

"எனக்கு என்ன தோணுச்சுன்னா" என்று மறுபடி தொடங்கினாள்.

தேங்காய்ப்பால் ஆறி ஏடு கட்டிக்கொண்டிருந்தது. சலேசி தட்டைத் தொடவில்லை.